திமில் ஏறிய டெக்சஸ்

டெக்சஸ் பக்கங்கள் – 9

பிப்ரவரி கடைசியில் ஹூஸ்டனுக்குள் குதிரைகள் வரத் தொடங்கும். கார்கள் பறக்கிற நெடுஞ்சாலையின் ஓரத்தில், போலீஸ் காவலோடு, கூண்டு வண்டிகளும் குதிரைக்காரர்களும் வரிசையாக நகர்ந்து வருவார்கள். பல நாள் பயணம் அது. 1952இல் பிரென்ஹாம் என்ற சிற்றூரிலிருந்து நான்கு பேர், கால்நடைக் கண்காட்சிக்கு விளம்பரமாக இருக்கட்டும் என்று குதிரையேறிக் கிளம்பினார்கள். இன்று நாலாபுறமிருந்தும் பல குழுக்கள் வருகின்றன. 1957இல் தொடங்கிய பிரெய்ரி வியூ குழு கறுப்பின மக்களுடையது. கௌபாய் என்றாலே வெள்ளைக்காரர் என்று சினிமா நம்மைப் பழக்கிவிட்டது. அந்தக் காலத்து டெக்சஸில் மாடு மேய்த்தவர்களில் கறுப்பர்களும் மெக்சிகோக்காரர்களும் ஏராளம். இந்த ஊர்வலத்தைப் பார்த்தால் அந்தப் பாடத்தைத் திருத்தி எழுதிக்கொள்ளலாம்.

ஹூஸ்டன் கால்நடைக் கண்காட்சியும் ரோடியோவும் மூன்று வாரம் நடக்கிறது. முதல் கண்காட்சி 1932இல், பெரும் பொருளாதார வீழ்ச்சியின் நடுவில், உள்ளூர் மாடு வளர்ப்பவர்களுக்கு ஒரு சந்தை வேண்டும் என்று தொடங்கியது. இப்போது வந்துபோகிறவர்கள் 20 லட்சத்துக்கு மேல். வேலையில் பெரும்பங்கைச் சுமப்பது சம்பளம் வாங்காத 35,000க்கும் அதிகமான தொண்டர்கள். ராட்டினம், சுட்ட இறைச்சிக் கடைகள், இரவில் பாட்டுக் கச்சேரி எல்லாம் உண்டு. ஆனால் முதன்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மைதானத்துக்குப் போகுமுன் கொட்டகைக்குப் போங்கள். அங்கேதான் இந்த விழாவின் உயிர் இருக்கிறது.

இந்த வருஷம் அம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்தார். தாராபுரம் பக்கத்துக் காட்டில் பட்டியும் மாடுகளுமாக வாழ்ந்தவர். "மாடு பாக்கறதுக்கு டிக்கெட்டா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. கூரைக்குக் கீழே, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வரிசை வரிசையாக மாடுகள். கான்கிரீட் தரையில் மரச்சீவல் மெத்தை. சாணம் விழுந்த அடுத்த நிமிடம் அள்ள ஒரு பிள்ளை தயார். அத்தனையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்! மாட்டுக்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுகிறார்கள். பெரிய காற்றுக்குழாயால் ஈரத்தை ஊதி உலர்த்துகிறார்கள். பிறகு வால் நுனி வரை சீவிவிடுகிறார்கள்.

அம்மா சட்டென்று ஒரு வரிசையில் நின்றார். எதிரே சாம்பல் நிறத்தில் ஒரு கிடேரி. உயர்ந்த திமில், தொங்கும் காது, மடிமடியாக அலைதாடி. "கண்ணு, இது நம்மூரு மாடாட்டவே இருக்குதே?"

அம்மா சொன்னதில் முக்கால்வாசி சரி. பிராமன் என்று இங்கே பெயர் பெற்ற அந்த இனம், காங்ரேஜ், ஓங்கோல், கிர், கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடுகளின் கலப்பில் அமெரிக்காவில் உருவானது. ஐரோப்பாவிலிருந்து வந்த மாடுகள் இந்தக் கடற்கரையின் வெக்கையையும் உண்ணிக் காய்ச்சலையும் தாங்கவில்லை. திமிலுள்ள மாடுகளிடம் உண்ணி அவ்வளவாக அண்டுவதில்லை என்பதை ஷாங்காய் பியர்ஸ் என்ற பெரும் பண்ணைக்காரர் கவனித்திருந்தார். அவர் இறந்த பிறகு, அவருடைய மருமான் ஏ. பி. போர்டன் 1906இல் இந்தியாவிலிருந்தே மாடுகளை வாங்கிக் கப்பலேற்றினார். நியூயார்க் அருகே ஒரு தீவில் அவற்றை மாதக்கணக்கில் அடைத்துவைத்தார்கள். ரத்தத்தில் நோய் கண்டவற்றைக் கொன்றுவிட்டார்கள். தப்பியவை டெக்சஸ் வந்து சேர்ந்தன. பின்னால் பிரேசிலில் பெருகியிருந்த நம் நாட்டு இனங்களும் மெக்சிகோ வழியாக வந்து சேர்ந்தன. தளர்ந்த தோல், குட்டை முடி, அதிகமான வியர்வைச் சுரப்பிகள் – நம் வெயில் அந்த உடம்பில் எழுதிவைத்ததெல்லாம் இந்த ஊர் வெயிலுக்கும் உதவியது. தெற்கு டெக்சஸின் மாட்டுத் தொழில் இந்தத் திமிலில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தது என்றே நான் சொல்வேன்.

கிடேரியின் சொந்தக்காரிக்குப் பதினாலு வயதிருக்கும். தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். தலைக்கயிற்றைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள். அம்மா நெற்றியிலிருந்து முதுகு வரை விரலால் தடவிச் சுழி தேடினார். "சுழி சுத்தமா இருக்குது. கொம்புக்குக் கீழ ஒண்ணுமில்ல, பொறத்தால ஒண்ணுமில்ல. நல்ல மாடு, உட்ராதேன்னு அந்தப் புள்ளகிட்டச் சொல்லு." சொன்னேன். அவள் நான்கு மாட்டுக்காட்சிகளில் நடுவர்கள் தன் கிடேரியைப் பார்த்திருப்பதாகவும், ஒருவரும் சுழி பார்த்ததில்லை என்றும் சொல்லி, அம்மாவின் விரலைப் பின்தொடர்ந்து தானும் தேடிப் பார்த்தாள். "தெனமும் எத்தன தடவ தீவனம்?" என்றார் அம்மா. காலை ஐந்தரைக்கு ஒன்று, பள்ளி விட்டு வந்ததும் ஒன்று. இரண்டு பேருக்கும் இடையில் மொழிபெயர்க்க நான் நின்றது கொஞ்ச நேரம்தான். பிறகு கையாலேயே பேசிக்கொண்டார்கள்.

அடுத்த கொட்டகையில் காயடித்த இளங்காளைகள். கன்றாக வாங்கி, 500, 600 கிலோ வரும்வரை தீனி போட்டு வளர்த்தவை. களத்தில் நடுவர் சுற்றி வருகிறார், முதுகிலும் விலாவிலும் கைவைத்துக் கொழுப்பையும் சதையையும் அளக்கிறார். கடைசியில் ஒன்றின் முதுகில் ஓங்கித் தட்டுகிறார். அதுதான் முதல் பரிசு. தட்டு விழுந்த கணத்தில் அந்த மாட்டைப் பிடித்திருந்த பையன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"அம்மாயி, இனி இந்த மாட்ட அந்த அண்ணன் வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிருவாரா?" என் மகனுக்கு ஏழு வயது. அம்மா என்னைப் பார்த்தார். நான் உண்மையைச் சொன்னேன். இல்லை, இந்த மாடுகள் இறைச்சிக்குப் போகும். ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாளிலிருந்தே அது தெரியும். தெரிந்தேதான் பெயர் வைத்து, தேய்த்துக் குளிப்பாட்டி, கூடவே நடந்து வளர்க்கிறார்கள்.

இது கொடுமை என்று நினைக்கிறவர்களோடு நான் வாதாடப் போவதில்லை. ஆனால் தட்டில் விழும் துண்டுக்கு முன்னால் ஒரு உயிரும் ஒரு வருஷ உழைப்பும் இருக்கிறது என்பதை இந்தப் பிள்ளைகளைப் போல அறிந்தவர்கள் குறைவு. அம்மா அதைவிடப் பட்டென்று சொன்னார்: "பொள்ளாச்சி சந்தைக்கு நாமளும் ஓட்டிட்டுப் போயிருக்கறம். லாரி ஏறுன மாடு அப்புறம் எங்க போச்சுன்னு ஒரு நாளாச்சும் கேட்டிருக்கறமா? இந்தப் பையன் நின்னு அழுவறான். அது பரவால்ல."

ஏலத்தில் புரளும் பணம் மலைக்க வைக்கும். 2022இல் முதல் பரிசு பெற்ற காளை 10 லட்சம் டாலருக்குப் போனது. அத்தனையும் வளர்த்த பிள்ளைக்கு அல்ல. அவர்களுக்கு உறுதியான ஒரு தொகை உண்டு, அதற்கு மேல் வருவது கல்வி நிதிக்கு. 1957இல் ஒரே ஒரு மாணவருக்கு 2,000 டாலர் கொடுத்துத் தொடங்கிய உதவித்தொகை இன்று ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானவர்களைக் கல்லூரிக்கு அனுப்புகிறது. ஏலம் கேட்கும் பணக்காரர்களுக்கு அதில் பெருமையும் விளம்பரமும் கிடைக்கட்டும். பிள்ளைகள் படிக்கிறார்களே, அது போதும் எனக்கு.

மாலையில் மைதானம். கிட்டத்தட்ட 70,000 பேர் உட்காரும் அரங்கு. கன்றைக் கயிறு வீசிப் பிடிக்கும் போட்டி எனக்குப் பிடிக்கவில்லை. ஓடுகிற கன்று கயிறு இறுகி வெட்டி இழுபடும்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார், நானும்தான். மூன்று பீப்பாய்களைச் சுற்றிக் குதிரையில் பெண்கள் பறந்த போட்டியில் என் பன்னிரண்டு வயது மகள் எழுந்து நின்றவள் கடைசி வரை உட்காரவில்லை.

காளைச் சவாரிக்கு வந்ததும் அரங்கே முன்னால் சாய்ந்தது. ஒரு கையால் மட்டும் கயிற்றைப் பிடித்து 8 வினாடி முதுகில் இருக்க வேண்டும். மறு கை எங்கே பட்டாலும் போச்சு. 100 மதிப்பெண்ணில் பாதி வீரனுக்கு, பாதி காளைக்கு! காளை சரியாகத் துள்ளாவிட்டால் வீரன் எவ்வளவு அழகாக உட்கார்ந்திருந்தும் பயனில்லை. நம் வாடிவாசலில் பிடிபடாத காளைக்குப் பரிசு தருகிற முறையை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். துள்ளிய காளைகளில் பலவற்றின் தோளில் திமில். அம்மா ஒவ்வொன்றாகக் கைநீட்டிக் காட்டினார். சாதுவாக நின்ற அந்தக் கிடேரியின் ரத்தம் இவற்றிலும் ஓடுகிறது.

அடுத்து பிள்ளைகளின் கன்று பிடிக்கும் களேபரம். 1942இலிருந்து நடக்கிறது. கன்றுகள் குறைவு, பிள்ளைகள் இரு மடங்கு. கையில் தலைக்கயிறு மட்டும். பிடித்து, கயிறு மாட்டி, நடுவிலுள்ள கட்டத்துக்குள் இழுத்துவர வேண்டும். கன்று பின்னங்காலை ஊன்றிக்கொண்டது. ஒரு சிறுமி மண்ணில் மல்லாந்து விழுந்தும் கயிற்றை விடவில்லை. ஜெயித்தவர்களுக்கு அந்தக் கன்று கிடைப்பதில்லை. தனக்கென்று ஒரு மாட்டை வாங்கிக்கொள்ளப் பணம் கிடைக்கும். அதை வளர்த்து, பணம் தந்த புரவலருக்கு மாதாமாதம் கடிதம் எழுதி, மறு வருஷம் இதே கொட்டகைக்குக் கொண்டுவர வேண்டும். காலையில் பார்த்த பெண் தன் கிடேரியை வாங்கியதும் இப்படித்தான். அவள் சொல்லியிருந்ததால், கட்டத்துக்குள் ஒவ்வொரு கன்று வந்தபோதும் என் மகள், "அடுத்த வருஷம் இவங்களையும் கொட்டகையில பாக்கணும்" என்று முகங்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

பிராமன் ரத்தத்தையும் ஆங்கிலேய ஷார்ட்ஹார்ன் ரத்தத்தையும் கலந்து, செம்பழுப்பு நிறத்தில் ஒரு புது இனத்தையே உருவாக்கிய பண்ணை ஒன்று தெற்கு டெக்சஸில் இருக்கிறது. அந்த சான்டா கெர்ட்ரூடிஸ் இனத்தை அமெரிக்க அரசு 1940இல் அங்கீகரித்தது. அம்மா ஊர் திரும்புவதற்குள் அதையும் காட்டிவிட வேண்டும் என்று தெற்கே வண்டியைத் திருப்பினோம். அடுத்த வாரம் அந்தப் பண்ணை: கிங் ராஞ்ச்.