தேமல் தந்த மருந்து

மார்பிலும் முதுகிலும் தேமல் படர்ந்தவர்கள் நம் வீடுகளிலேயே இருப்பார்கள். வேர்வை வழியும் வெயில் காலத்தில் அது கூடும். நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், தவிடு போலப் பொடி உதிரும். ஆனால் தொட்டால் உணர்ச்சி நன்றாகவே இருக்கும். வெளிறிய இடத்தில் உணர்ச்சி மங்கியிருந்தால் அது தேமல் அல்ல, தொழுநோயாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

தேமலுக்குக் காரணம் மலசேசியா என்கிற ஈஸ்ட் வகைப் பூஞ்சை. எங்கிருந்தோ வந்து தொற்றியதல்ல. அநேகமாக எல்லோர் தோலிலும் குடியிருப்பதுதான். கொழுப்பு அமிலங்களைத் தானே தயாரித்துக்கொள்ள இதற்குத் தெரியாது, தோலில் சுரக்கும் எண்ணெயைத் தின்றுதான் பிழைக்கிறது. அதனால்தான் எண்ணெய்ப் பசை மிகுந்த மார்பு, முதுகு, தோள்பட்டையில் செழிக்கிறது; சின்னக் குழந்தைகளைவிடப் பருவ வயதினரை அதிகம் பிடிக்கிறது.

சரி, எண்ணெயைத் தின்னும் பூஞ்சைக்கும் தோல் வெளுப்பதற்கும் என்ன சம்பந்தம்? ரோம் நகரத்து ஆய்வாளர்கள் மார்செல்லா நாசாரோ போரோவும் சிரோ பாஸியும் இதைத்தான் துருவினார்கள். 1978-இல் வந்த விடை இது: நம் தோல் எண்ணெயில் உள்ள ஒலெயிக் அமிலம் போன்றவற்றை இந்த ஈஸ்ட் உடைக்கும்போது அசெலாயிக் அமிலம் உருவாகிறது. அந்த அமிலம் டைரோசினேஸ் என்கிற நொதியின் வேலையைத் தடுக்கிறது.

அந்த நொதி இல்லாமல் நம் உடம்பில் கறுப்பு நிறமே உண்டாகாது. மேல்தோலின் அடியில் மெலனின் தயாரிக்கும் செல்கள் இருக்கின்றன. டைரோசின் என்ற அமினோ அமிலத்தை டைரோசினேஸ் முதலில் மாற்றிக் கொடுத்தால்தான் மற்றப் படிகள் நடந்து மெலனின் வரும். முதல் படியிலேயே கை வைத்தால் நிறம் குறையும். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அசெலாயிக் அமிலம் அளவுக்கு மீறி வேலை செய்யும் செல்களைத்தான் முக்கியமாக அடக்குகிறது. இயல்பான செல்களை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை.

தேமல் வெளுப்பு முழுவதற்கும் இந்த ஒரு அமிலமே பொறுப்பு என்று இன்று யாரும் சொல்வதில்லை. அதே ஈஸ்ட் டிரிப்டோஃபேனிலிருந்து மலசேசின் முதலான வேறு பொருள்களையும் தயாரிக்கிறது, அவற்றுக்கும் பங்கிருக்கலாம். ஆனால் அசெலாயிக் அமிலம் ஒரு மருந்தாக நிலைத்துவிட்டது. பெண்களுக்குக் கன்னத்தில் வரும் மங்குக்கு 20 சதவீத அசெலாயிக் அமிலக் கிரீமையும் 4 சதவீத ஹைட்ரோகுவினோன் கிரீமையும் 24 வாரம் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 1991-இல் வெளியானது. இரண்டும் ஏறக்குறைய சமமாகவே பலன் தந்தன. முகப்பருவுக்கும் அசெலாயிக் அமிலக் கிரீம் உதவுகிறது. முதலில் சிலருக்குக் கொஞ்சம் எரிச்சல் இருக்கும். பலன் தெரிய மாதங்கள் ஆகும்.

தோலில் வாழும் பாக்டீரியாக்களிடமும் இப்போது இதுபோன்ற பொருள்களுக்கான தேடல் நடக்கிறது. நிறமியைக் குறைக்கும் பொருளை எந்த நுண்ணுயிரி கொடுத்தாலும் அதன் இடம் மங்கு, பரு விட்டுச்சென்ற கருமை போன்றவைதான். பிறந்த நிறம் ஒரு நோயல்ல, அதற்கு மருந்தும் தேவையில்லை.

கடைசியாக இரண்டு விஷயம். தேமலுக்கு மருந்து போட்டுப் பூஞ்சை அடங்கிய பிறகும் வெள்ளைத் திட்டு சில மாதம் இருக்கும். மருந்து பலிக்கவில்லை என்று நினைத்து மேலும் மேலும் பூச வேண்டாம். மங்குக்கு மெடிக்கல் ஷாப்பில் யாரோ சொன்ன கிரீமை வாங்கிப் பூசுகிறவர்கள் டியூபைத் திருப்பி, மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் பூசினால் முகத்தோல் மெலிந்து சிவந்துபோகும். தோல் டாக்டரைக் கேட்காமல் அதை முகத்தில் வைக்காதீர்கள்.