முறையீடும் திருவுளமும்

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் முருகனுக்கு நேர்த்தி வைப்போரும் வடமராட்சிக் கரையோரத் தேவாலயங்களில் மெழுகுதிரி ஏற்றுவோரும் போரையும், 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி வந்த ஆழிப்பேரலையையும் ஒருங்கே கண்டவர்கள். ஆயினும் இழப்புக்குக் காரணம் தேடும் வேளையில் முன்னவர் பெரும்பாலும் ஊழ்வினையைச் சுட்ட, பின்னவர் திருவுளத்தை, அதாவது நடப்பவற்றின் ஊடாகக் கடவுள் நிறைவேற்றும் நோக்கத்தைச் சுட்டுவர். 'எல்லாம் ஆண்டவருடைய சித்தம்' என்று செத்தவீட்டில் சொல்லிவிட்டு எழுந்து போவது எளிது. பிள்ளையைக் கடலுக்குப் பறிகொடுத்த தாய்க்கு அது ஆறுதலாகுமா என்பது வேறு.

யாழ்ப்பாணக் கத்தோலிக்கரிடம் இத்தகைய துயரை எதிர்கொள்ளப் பழைய மரபொன்று உண்டு. 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிக் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தபின், 1687 இல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் வந்து சேரும்வரை, குருக்கள் இல்லாமலே மக்கள் செபங்களைக் காத்துவந்தனர். அவர் வழியில் 1705 இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் இயற்றியதே 'வியாகுல பிரசங்கம்'. வியாகுலம் என்பது மனத்துயர். இயேசுவின் பாடுகளையும் அவருடைய தாயின் துயரையும் விரிக்கும் இந்நூல், உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய நோன்புக் காலமாகிய தவக்காலத்தில் ஆலயங்களில் இராகத்தோடு வாசிக்கப்படுகிறது. வாசிப்பவர் வரியின் கடைசி அசையை இழுத்து விடும்போது அது ஒப்பாரியின் சாயலையே கொள்கிறது. அடக்கிக்கொள் என்று எவரும் சொல்வதில்லை. குருவற்ற காலத்தைக் கண்ட சமூகம் விளக்கவுரையைவிட இந்த அழுகையைப் பற்றிக்கொண்டது தற்செயல் என்று கருத இடமில்லை.

1995 யூலை 9 ஆம் திகதி நவாலி புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தோர் மீது விமானக் குண்டுகள் வீழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, கோயிலுக்குள்ளேயே ஏன் என்ற கேள்வி எழாதிருக்க முடியாது. அக்கேள்வியை நம்பிக்கையின்மை எனக் கொள்வது விவிலியத்துக்கே பொருந்தாது. பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்த யோபு கடவுளோடு வழக்காட, நண்பர்களோ துன்பத்துக்குக் காரணம் அவனுடைய பாவமே என்று கடவுளுக்காக வாதாடினர். யோபு நூலின் முடிவில் காரணம் எதுவும் அவனுக்குச் சொல்லப்படுவதில்லை. கடவுளின் சினத்துக்கு ஆளானவர்களோ அவருக்காகப் பரிந்து பேசிய அந்த நண்பர்கள்தாம், அவர்களுக்காக மன்றாடும் பொறுப்பும் யோபுவிடமே விடப்படுகிறது.