திமிரி நாயனமும் பழைய நாதமும்

ஐரோப்பாவில் 1600 முதல் 1750 வரை செழித்த பரோக் சங்கீதத்தை அது பிறந்த காலத்து வாத்தியங்களிலேயே கேட்க வேண்டும் என்ற சங்கற்பத்தோடு, செல்லோ வித்வானாகிய நிக்கோலஸ் ஹார்னன்கூர் 1953-இல் வியன்னாவில் ஒரு குழுவைத் தொடங்கி, நான்கு வருஷ அப்பியாசத்துக்குப் பின்னரே அதனை மேடையேற்றினார். இத்தகைய குழுக்கள் உலோகத் தந்திகளுக்குப் பதிலாக ஆட்டுக் குடல் நரம்பைப் பூட்டிக்கொண்டு, சுருதியையும் பெரும்பாலும் அரைக் கட்டை இறக்கி வாசிக்கின்றன. ஏனெனில் இரண்டு நூற்றாண்டுகளில் அங்கே சுருதி மேலே ஏறிவிட்டது.

காவிரிக் கரையிலோ சுருதி கீழே இறங்கியது. முன்பு தஞ்சை ஜில்லா எங்கும் வழங்கிய திமிரி நாயனம் என்ற நாகஸ்வர வகை குட்டையானது. நாலு கட்டைக்கு மேலும் ஒலிப்பது. கோயில் வீதியில் வெகு தூரம் எட்டுவது. ஆனால் அதில் சுத்த மத்யமம் தானாக அமையாது. வித்வான் மூச்சாலும் உதட்டாலும் அதனை வருவித்தாக வேண்டும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) சுமார் இரண்டு கட்டையில் ஒலிக்கும் நீண்ட பாரி நாயனத்தை விரும்பவே, நரசிங்கன்பேட்டை ரங்கநாத ஆசாரி, சுத்த மத்யமம் துல்லியமாகப் பேசும் வண்ணம் துளைகளைக் கணித்து அதனைக் கடைந்து கொடுத்தார். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும், ஈரமெல்லாம் வற்றி முதிர்ந்த ஆச்சா மரமே இதற்கு உகந்தது. விரல் வைக்கும் துளைகள் ஏழு. அவற்றுக்குக் கீழே பிரம்மஸ்வரம் எனப்படும் ஐந்து துளைகளை மெழுகால் சற்றே அடைத்துச் சுருதியைச் சரிசெய்வார்கள். 2022-இல் புவிசார் குறியீடு பெற்றதும் இந்த நரசிங்கன்பேட்டை நாகஸ்வரமே.

ராக ஆலாபனைக்குப் பாரி அளித்த கம்பீரம் அளவற்றது. அதில் எனக்கு ஐயமில்லை. எனினும் வாத்தியம் மாறினால் அதில் வாசிக்கும் விரலும் மூச்சும் மாறுகின்றன. துரித காலப் பிருகாக்களுக்குத் திமிரி இயல்பாகவே இடம்கொடுத்தது என்பதை மறக்கலாகாது.

பழையது முற்றும் மறையாத க்ஷேத்திரம் திருவாரூர். தியாகராஜர் சந்நிதியில் சுத்த மத்தளத்தோடு ஒலிக்கும் பஞ்சமுக வாத்தியம், ஒரே உலோகக் குடத்தில் தோல் போர்த்த ஐந்து வாய்களை உடையது. சத்யோஜாதம், வாமதேவம், அகோரம், தத்புருஷம், ஈசானம் என்று சிவபெருமானின் ஐந்து முகங்களின் பெயர்களையே அவை தாங்கியிருக்கின்றன.

ஐரோப்பாவில் பழைய வாத்தியங்களுக்கு அமைந்ததுபோல் திமிரிக்கும் ஒரு குழு வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். இரண்டு திமிரி, சுருதிக்கு ஒத்து, தவில், தாளம் இவ்வளவே போதும். விரல்கள் துளைகளை விட்டு அகலாத நிலையில் தலைமை நாயனக்காரர் கையசைத்து நடத்த இயலாது; தவில்காரர் அவருடைய மூச்சையும் கண்ணையும் பார்த்தே தொடர்வார். திமிரியில் சுத்த மத்யமத்தை உதட்டால் வருவிக்கத் தெரிந்த முதியவர் ஒருவரை முதலில் தேடிப்பிடிக்க வேண்டும்.