காசு விழுந்தது, டிரம் சுற்றவில்லை

சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டிய ஊர்களை வானிலைச் செய்தியில் வாசிக்கும்போது திருத்தணி அநேகமாக அதில் இருக்கும். அங்கிருந்து சென்னைப் பக்கம் வரும் சாலையில் உள்ள கனகம்மாசத்திரத்துக்கும் அதே வெயில்தான். மாடியில் போட்ட வேட்டி அரை மணியில் அப்பளமாகிவிடும். இந்த ஊரில் காசு போட்டுத் துணி காய வைக்கும் மெஷினைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். ஐப்பசி மழையில் நான்கு நாள் ஈரத்துணியோடு இருந்தவர்களும், மலேசியாவுக்கு வேலைக்குப் போய்த் தெருமுனை டோபிக் கடையில் சில்லறை போட்டவர்களும் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

காசு போட்டால் வேலை செய்யும் மெஷின் நமக்கும் புதிதல்ல. ரயில் நிலையத்தில் விளக்கு மினுக்கும் எடை மெஷின் இருந்தது. எடை அச்சிட்ட அட்டையின் பின்னால் ஜோசியமும் இருக்கும். பெட்டிக்கடை வாசலில் ஒரு ரூபாய் போன் தொங்கியது. இரண்டுமே காசை விழுங்கிவிட்டுச் சும்மா இருந்ததுண்டு. உடனே பக்கவாட்டில் ஒரு தட்டு. பாதி நேரம் அது பலித்தது. காரணம், உள்ளே இருந்தது நெம்புகோலும் ஸ்பிரிங்கும்.

அந்தக் காலத்துக் காசு டிரையரும் அதே ஜாதி. தள்ளுதட்டின் குழியில் காசை வைத்து உள்ளே தள்ள வேண்டும். அளவு பொருந்தினால் தட்டு முழுதாகப் போய் டைமர் சக்கரத்தை ஒரு படி நகர்த்தும். ஒரு சின்ன மோட்டார் அந்தச் சக்கரத்தை மெதுவாகப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும். அதுவரை டிரம் சுற்றும், உள்ளே சூடு இருக்கும். பழுது வந்தால் மெக்கானிக் மூடியைக் கழற்றிக் காது கொடுப்பார். டைமர் ஓடும் சத்தம் கேட்கிறதா? சீரிஸ் பல்பை வைத்தால் எரிகிறதா? எந்த சுவிட்சில் கரண்ட் நிற்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

இன்று காசு ஒரு கம்பிச்சுருளைக் கடந்து விழுகிறது. அதன் உலோகத்தையும் பருமனையும் காந்தப்புலம் பார்த்துச் சொல்ல, போர்டு நிமிடங்களைக் கூட்டிக்கொள்கிறது. கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்து ரிலேவை இழுக்கிறது. சூட்டை அளக்க ஒரு தெர்மிஸ்டர். பல மெஷின்களில் 25 டிகிரியில் 10,000 ஓம் காட்டும், சூடு ஏற ஏறக் குறையும். ஏதாவது பிசகினால் திரையில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும்.

வம்பு இந்தக் குறியில்தான். தெர்மிஸ்டர் பழுது என்று குறி வந்தால், தெர்மிஸ்டரின் கணக்கு போர்டுக்கு வந்து சேரவில்லை என்பதுதான் அர்த்தம். தெர்மிஸ்டர் நன்றாகவே இருக்கலாம். பிளக்கின் ஒரு பின் பச்சை பூத்திருக்கும், அல்லது எலி கம்பியைக் கடித்திருக்கும். நம் ஊர்ப் பக்கம் எறும்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ரிலே முனைகளுக்கு நடுவே நசுங்கிய எறும்புகளுக்கு எந்தக் கம்பெனிக் கையேட்டிலும் குறி எண் கிடையாது.

காசு போனது, நிமிடம் ஏறவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது காசு போகும் பாதை. துணிப் பஞ்சு அங்கேயும் போய் உட்காரும்; ஒளிக்கதிரால் காசை எண்ணும் மெஷினில் கண்ணை மறைத்துவிடும். நம் நாணயங்களும் லேசுப்பட்டவை அல்ல. 1992இல் வந்த ஸ்டீல் ஒரு ரூபாய் 25 மில்லிமீட்டர், 4.85 கிராம். 2011இல் வந்த இரண்டு ரூபாயும் அதே 25, அதே 4.85, அதே ஸ்டீல்! எந்த மெஷின்தான் பிரித்துப் பார்க்கும்? ஐந்து ரூபாயோ வெகுகாலம் 23 மில்லிமீட்டராக இருந்து, 2019இல் அறிவித்த வரிசையில் 25 ஆனது. அந்த வரிசையின் இரண்டு ரூபாய்க்கு 23. ஒவ்வொரு முறையும் காசுப் பெட்டிக்குப் புதிதாகப் பாடம் சொல்லித்தர வேண்டும். கியூஆர் அட்டை வந்ததும் இந்தத் தலைவலி தீர்ந்தது. சிக்னல் கிடைக்காத தலைவலி வந்தது.

டிரம் சுற்றுகிறது, சூடு இல்லை என்றால் ‘போர்டு போச்சு’ என்பார்கள். பெரும்பாலும் வீண்பழி சுமப்பது போர்டுதான். காற்று வெளியேறும் குழாய் பஞ்சால் அடைத்திருந்தால் உள்ளே சூடு மிஞ்சி, பாதுகாப்பு கட்-ஆஃப் விழுந்துவிடும். அப்போது போர்டை மாற்றினாலும், அடைப்பை எடுக்காதவரை புதுப் போர்டும் அதே கதைதான். திரையே எரியவில்லை என்றால் ஃபியூஸ், பிறகு போர்டில் தலை உப்பிய கெபாசிட்டர். கரண்ட் போய்த் திரும்பும்போது வரும் எகிறலில் போர்டு நிஜமாகவே போவதும் உண்டு. ஸ்டெபிலைசர் இல்லாத கடைகளில் அது அதிகம்.

இதில் ஒரு பழக்கத்தை மட்டும் என்னால் சகிக்க முடியவில்லை. கட்-ஆஃபை விலக்கிக் கம்பியை முறுக்கி, “டைரக்ட் பண்ணிட்டேன் சார், இனி ஓடும்” என்பது. வீட்டு செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் மூடி சுவிட்சை டைரக்ட் பண்ணினாலே சுற்றும் தொட்டியில் குழந்தையின் கை சிக்கும். சூடான டிரையரில், பஞ்சுக்கு நடுவில், அது தீ வைக்கும் வேலை.

ஆகவே மெக்கானிக் வந்தால் மெயினை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள். பஞ்சு, கதவு சுவிட்ச், பிளக் பின்கள் மூன்றையும் உங்கள் கண் முன் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் போர்டுதான் என்றால் மாற்றட்டும்; பழைய போர்டைக் கையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.