ஜெபத்துல மனசு ஒட்டலையா? அன்னை தெரசாவுக்கும் ஒட்டலை!

ஜெபமாலையை எடுத்தா, பத்தாவது மணிக்குள்ள கவனம் போனுக்குப் போயிடுதா? 'நமக்கு விசுவாசமே போயிடுச்சு போல'ன்னு பயப்படாதீங்க.

கொல்கத்தா அன்னை தெரசா, கிட்டத்தட்ட 50 வருஷம் ஜெபத்தில் கடவுளை உணர முடியாமல் தவித்தவர். இடையில் 1958-ல் சில வாரங்கள் மட்டும் ஆறுதல். ஆன்ம குருக்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 2007-ல் புத்தகமாக வந்தப்போ பலருக்கும் அதிர்ச்சி. சிரிச்ச முகத்தையே பார்த்துப் பழகிட்டோமே!

ஆனா, அவர் ஜெப நேரத்தைக் குறைக்கலை. சபையில் வாரம் ஒருமுறை இருந்த ஒரு மணி நேர நற்கருணை ஆராதனை, 1973 முதல் தினமும் ஆனது.

கவனம் சிதறினால் என்ன செய்யறது? திருச்சபையின் மறைக்கல்வி சொல்ற வழி ஈஸி. சிதறலைத் துரத்திக்கிட்டு ஓடாதீங்க. மனசைத் திருப்பிக் கூட்டிட்டு வந்தா போதும். விட்ட மணியிலிருந்தே தொடரலாம்.