ஒலி ஒன்று, பொருள் வேறு!

கல்லூரி அதிபருக்கு மாணவனொருவன் விண்ணப்பம் எழுதுகிறான். பணிவும் ஒழுங்கும் நிறைந்த கடிதம். ஆனால், ‘பிரின்ஸிபல்’ என்னும் பதவிப் பெயரின் ஈற்றெழுத்துக்களை மாற்றிவிடுகிறான். விளைவு யாது? கடிதம் அதிபருக்கன்றிக் ‘கொள்கை’ அவர்களுக்கு எழுதப்பட்டதாகி விடுகின்றது! படிப்போர் நகைக்கலாம், உத்தியோகம் நாடுபவனுக்கு அந்நகைப்பின் விலை சிறிதன்று.

நம் தமிழிலும் மனம், மணம் எனவும், அரம், அறம் எனவும் மயக்கந்தரும் சொற்கள் உளவே என்பர் சிலர். உண்மையே. ஆயினும், இவற்றைச் செவ்வனே உச்சரித்தால் ஒலி வேறுபடும். நாவைத் திருத்தினால் எழுத்தும் திருந்தும். ஆங்கிலத்திலோ ஒலி ஒன்றாகவே இருக்க, எழுத்து மட்டும் வேறுபடுகின்றது. அங்கே செவி துணைசெய்யாது.

இது எவ்வாறு நேர்ந்தது? 1476ஆம் ஆண்டில் வில்லியம் காக்ஸ்டன் என்பார் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் நிறுவினார். அச்சு பரவப் பரவ, சொற்களின் எழுத்து வடிவம் மெல்ல மெல்ல நிலைபெறலாயிற்று. உச்சரிப்போ அதன் பின்னரும் மாறிக்கொண்டேயிருந்தது. இரவைக் குறிக்கும் ‘நைட்’டும் குதிரைவீரனைக் குறிக்கும் ‘நைட்’டும் ஒருகாலத்தில் வேறு வேறாக ஒலித்தன. வீரனின் முன்னே நிற்கும் ‘கே’ என்ற எழுத்தை அந்நாளில் வாய்விட்டு உச்சரித்தனர். பின்னர் ஒலி மறைந்தது, எழுத்து நின்றுவிட்டது.

ஆகவே, எழுத்துக்களை வெறுமனே மனனஞ் செய்வதிலும் பார்க்க, சொல்லின் வரலாற்றை அறிதல் நன்று. ‘ஸ்டேஷனரி’ என்பதை எடுத்துக்கொள்வோம். மத்திய கால ஐரோப்பாவில், ஊரூராய்த் திரியாது, பல்கலைக்கழகங்களின் அருகே நிலையாகக் கடை வைத்துப் புத்தகம் விற்றவர் ‘ஸ்டேஷனர்’ எனப்பட்டார். அப்பெயரின் ஈற்றில் ‘ஈ, ஆர்’ என்னும் எழுத்துக்கள் உள்ளன. அவர் விற்கும் காகிதாதிகளுக்கும் அதே ‘ஈ’ உரியது. அசையாது நிற்றலைக் குறிக்கும் ‘ஸ்டேஷனரி’க்கோ அவ்விடத்தில் ‘ஏ’ வரும்.

‘பிரின்ஸிபல்’ இரண்டும் ‘முதன்மை’ எனப் பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து வந்தவை. ‘ஏ, எல்’ என முடிவது அதிபரையும், வட்டி ஈட்டும் முதலையும் குறிக்கும். ‘எல், ஈ’ என முடிவது கொள்கை. விதியைக் குறிக்கும் ‘ரூல்’ என்ற சொல்லும் ‘எல், ஈ’ என்றே முடிவதை நினைவிற்கொண்டால் மயக்கம் தீரும்.

பூவும் மாவும் ஆகிய இரு ‘ஃபிளவர்’களின் கதை இன்னுஞ் சுவையானது. தானியத்தை அரைத்து எடுத்த மாவின் மிகச் சிறந்த பகுதியை அதன் ‘பூ’ என்றே ஆங்கிலேயர் அழைத்தனர். ஒரே சொல்லே பின்னர் எழுத்தால் இரண்டாகப் பிரிந்தது.

பிழை திருத்தக் கணினி இருக்கின்றதே என்று வாளாவிருத்தல் தகாது. இரண்டும் அகராதியில் உள்ள சொற்களாதலின், கணினி பல வேளைகளில் பிழையைக் காணாமலே விட்டுவிடும்.

பெற்றோர்களே! பிள்ளைகளிடம் ஒரு சிறு கொப்பியைக் கொடுங்கள். நாளுக்கொரு சோடிச் சொற்களை எழுதி, ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியத்தில் அமைக்கச் சொல்லுங்கள். வாக்கியத்தில் பழகிய சொல் எளிதில் மறவாது. ஓரெழுத்துத்தானே என்று எவரும் எண்ணற்க. அதிபரைக் கொள்கையாக்கியதும் ஈற்றிலே பிறழ்ந்த எழுத்தன்றோ!