வாயில் தொடங்கும் தாளம்

'புளியங்குடி' என்ற பெயரைக் கைதட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள். பு-ளி-யங்-கு-டி என ஐந்து தட்டு விழும். கர்நாடக இசையில் இதற்குக் கண்டம் என்று பெயர். 'தகதகிட' என்பது அதற்குரிய சொற்கட்டு. தென்காசி மூன்று தட்டு. அது திஸ்ரம், 'தகிட'. புளியங்குடிச் சந்தையில் குவியும் எலுமிச்சை நான்கு தட்டு. அது சதுஸ்ரம், 'தகதிமி'. 'தென்காசி எலுமிச்சை' என்று சேர்த்துச் சொன்னால் ஏழு, அது மிஸ்ரம். நான்கு வயதுக் குழந்தைக்கு இந்த வடமொழிப் பெயர்கள் எதுவும் வேண்டியதில்லை. ஊரின் பெயரையும் பழத்தின் பெயரையும் தட்டத் தெரிந்தால் போதும். தோற்கருவிக் கல்வியின் முதல் பாடம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

நம் மரபில் கைக்கு முன்னால் வாய் பழகுகிறது. மிருதங்கம் கற்பவர் த, தி, தொம், நம் என்று சொல்லித்தான் அடிக்கத் தொடங்குகிறார். சொற்கட்டு என்பது எழுதாமலே மனத்தில் நிற்கும் குறிப்பு. அதுவே வளர்ந்து கொன்னக்கோல் என்ற தனிக்கலையாக மேடையேறியது. இந்த வரிசைக்கு உடல்சார்ந்த காரணமும் உண்டு. குழந்தையின் மணிக்கட்டும் விரல்களும் வலுப்பெறப் பல ஆண்டுகள் ஆகும். நாவோ மூன்று வயதிலேயே தேர்ந்துவிடுகிறது. பலாமரத்தில் கடைந்த தவிலின் ஒரு பக்கத்தைக் கோலாலும், மறுபக்கத்தை விரல்களில் கடினமான கூடுகளை மாட்டிக்கொண்டும் முழக்குகிறார்கள். இழுத்துக் கட்டிய அந்தத் தோலை ஐந்து வயதுப் பிள்ளையின் முன் வைத்தால் வலியும் இரைச்சலுமே மிஞ்சும். வாய், பிறகு கைதட்டல், பிறகு தொடை, பிறகு பாதம், கடைசியில் கோல் என்று போவதே முறை.

தாள உணர்வு நாம் புகட்டுவதால் மட்டும் வருவதன்று. பிறந்து சில நாள்களே ஆன குழந்தைகள் உறங்கும்போது தாள ஒலியைக் கேட்கச் செய்து மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்த ஆய்வொன்று 2009-இல் வெளியானது. முதன்மையான தட்டு விடுபடும்போதெல்லாம் மூளை அதைக் கண்டுகொண்டது. அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு ஆசிரியர்களுக்கு இன்னும் பயனுள்ளது. ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் இரண்டரை முதல் நான்கரை வயது வரையுள்ள குழந்தைகளை மேளம் தட்டச் செய்தார்கள். எதிரே ஒரு மனிதர் அமர்ந்து தட்டியபோது, இயந்திரம் தட்டியதைவிடவும் ஒலிபெருக்கியில் ஒலி மட்டும் வந்ததைவிடவும் குழந்தைகள் நன்றாக இணைந்து தட்டினார்கள். கைப்பேசித் திரையில் மேளப் படத்தைத் தட்டவிட்டுப் பிள்ளைக்குத் தாளம் வந்துவிடும் என்று நம்பும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். எதிரே ஒரு முகம் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. சிறு குழந்தைகள் இயல்பாகத் தட்டும் வேகம் பெரியவர்களுடையதைவிட விரைவானது. மெதுவாகத் தட்டுவதே அவர்களுக்குக் கடினம். 'அவசரப்படாதே' என்று அதட்டுவதைவிட, ஆசிரியர் முதலில் குழந்தையின் வேகத்துக்குப் போய்ச் சேர்ந்துகொண்டு, பின்னர் சிறிது சிறிதாக இழுத்துப் பிடிப்பதே பயன் தரும்.

இதற்கான விளையாட்டுகளுக்குச் செலவில்லை. இரண்டு சிரட்டைகள், கவிழ்த்த வாளி, புளியங்கொட்டைகளைப் போட்டு இறுக மூடிய ஒரு டப்பா போதும். (மூடி கழலாதிருக்க வேண்டும்; சிறு பிள்ளைகள் கொட்டையை வாயில் போட்டுவிடுவார்கள்.) ஆசிரியர் தட்டும்வரை பிள்ளைகள் நடக்கிறார்கள்; நின்றதும் சிலையாகிறார்கள். ஒலியைவிட நிறுத்தமே தாளத்தில் அரிய பாடம் என்பதால் இந்த விளையாட்டைத்தான் நான் முதலில் வைப்பேன். அடுத்தது எதிரொலி: ஒருவர் தன் பெயரைத் தட்ட, மற்றவர்கள் அதைத் திருப்பித் தட்டுவது. இதற்கும் வெளிநாட்டு முறைகளைத் தேடிப் போகவேண்டியதில்லை. ஜெர்மானியர் கார்ல் ஆர்ப் பேச்சு, அசைவு, தாளம் மூன்றையும் இணைத்து உருவாக்கிய குழந்தை இசைக்கல்வி உலகெங்கும் பரவியது மதிக்கத்தக்கது. ஆயினும் தென்மாவட்டங்களின் வில்லுப்பாட்டில் தலைமைப் பாடகர் ஒரு வரி சொல்ல, பின்பாட்டுக்காரர்கள் ஆமோதித்துப் பதில் சொல்ல, உடுக்கையும் குடமும் கட்டையும் இடையில் புகுவது என்ன? அதுவும் இதே கேள்வி-பதில் விளையாட்டின் வளர்ந்த வடிவம்தானே?

இவ்வளவு இருந்தும் நம் வகுப்பறைகளில் தாளம் இல்லை. மேசையில் தட்டும் மாணவன் தண்டனை பெறுகிறான். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் தவிலும் மிருதங்கமும் கற்கலாம். ஆனால் அங்கே சேர 12 வயதாக வேண்டும். புளியங்குடிப் பிள்ளைக்குத் திருநெல்வேலி இசைப்பள்ளி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். ஐந்து வயதிலிருந்தே சேரக்கூடிய ஜவகர் சிறுவர் மன்றங்கள் நல்ல ஏற்பாடு. அவை எல்லா ஊர்களிலும் இல்லை. ஆக, நாவும் செவியும் மிகக் கூர்மையாக இருக்கும் ஆண்டுகளில் தாளம் கற்கும் வாய்ப்பு கலைஞர் வீட்டுப் பிள்ளைக்கும், கட்டணம் செலுத்த இயன்றவர் பிள்ளைக்கும் மட்டுமே கிடைக்கிறது.

தடை வசதிக்குறைவு மட்டுமன்று. கொடைவிழாவில் நையாண்டி மேளத்தைச் சுற்றி ஊரே நிற்கிறது. நாகசுரத்தோடு தவிலும் பம்பையும் தமுக்கும் முழங்கும்போது தோளில் இருக்கும் குழந்தையும் துள்ளுகிறது. மறுநாள் அதே குழந்தை 'மேளம் கற்கப் போகிறேன்' என்றால் வீட்டில் முகம் சுளிக்கிறார்கள். பறையையும் மேளத்தையும் அடிப்பவரின் சாதியோடு சேர்த்தே காணும் பழக்கம் இன்னும் போகவில்லை. கீபோர்டு வகுப்புக்கு இல்லாத தயக்கம் தவிலுக்கு ஏன் வருகிறது என்பதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து சிரட்டை தட்டும் ஒன்றாம் வகுப்பு இந்தத் தயக்கத்துக்கு இடம் கொடுக்காது. அங்கே தட்டுவது யாருடைய தொழிலும் அன்று, எல்லோருடைய விளையாட்டு.

காலை வணக்கத்துக்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். மார்கழி போன்ற, திருமணங்கள் இல்லாத மாதங்களில் மேளக் கலைஞர்களுக்கு வேலை குறைவு. அப்போது வாரம் ஒரு நாள் அவர்களைப் பள்ளிக்கு அழைத்து, உரிய மதிப்பூதியம் கொடுத்து, ஆசிரியருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்த்தலாம். தவிலை அவர் அடிக்கட்டும். பிள்ளைகள் தங்கள் ஊரின் பெயரை ஐந்து தட்டாகத் திருப்பிச் சொல்லட்டும்.